பாலத்துப் பூதத்தின் ஒப்புதல்

லோர்னா யெஸ்பர்சன் நாலாவது முறையாகச் சிவப்பு மையில் "ஒப்புதல் இல்லை" என்று எழுதி, ஃப்ளாப்பி வட்டுகளை உறையில் போட்டுக் கலிபோர்னியாவுக்கே திருப்பி அனுப்பினாள். வடக்கே பனி விழும் ரசீன் நகரத்தில், இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்த அவளுடைய சின்னக் கம்பெனியில் அன்று யாருக்கும் முகம் சரியில்லை.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் 'உப்புக் கோட்டை' என்ற விளையாட்டின் விதிப் புத்தகத்தை எழுதியவள் லோர்னாதான். அதைக் கம்ப்யூட்டர் கேமாக்கும் உரிமத்தை ஒரு கலிபோர்னியா கம்பெனி வாங்கியிருந்தது. ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவு, புத்தகத்தில் இல்லாத எதுவும் கேமில் இருக்கக் கூடாது, புத்தகத்தின் விதி எதுவும் மீறப்படக் கூடாது, லோர்னா கையெழுத்திட்டால்தான் கேம் கடைக்குப் போகலாம் என்றது.

அவள் சண்டை இதுதான். எந்த உயிரோடும் பேசிப் பார்க்கலாம் என்பது புத்தகத்தின் முதல் விதி. கேமிலோ பாலத்தை மறித்து நிற்கும் பூதத்தின் முன்னால் போனால் இரண்டே வழி: அடி, இல்லாவிட்டால் ஓடு. அவள் அடித்துப் பார்த்தாள். மூன்றே அடியில் பூதம் செத்து விழுந்தது. மேசை ஆட்டத்தை நடத்தி, பத்து வருஷமாக அதன் குரலில் பேசி வந்தவளுக்கு, தெரிந்தவர் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது.

"தாயே, அது கம்ப்யூட்டர். அதுகிட்டப் போய்ப் பேச்சுத் துணை கேட்டா எப்படி?" என்றான் கம்பெனியை அவளோடு சேர்ந்து தொடங்கிய டேல் கூபியாக்.

"பேசத் தெரியலன்னா அதுக்கு வேற பேர் வச்சுக்கட்டும். என் பேர் வேண்டாம்."

கலிபோர்னியா கம்பெனியில் கேமை எழுதிக்கொண்டிருந்த வெர்னன் டகேடா, போனில் கத்திச் சலித்துப்போய், பிப்ரவரியில் நேரிலேயே வந்து இறங்கினான். பனியை அறியாத ஊர்க்காரன்; காலில் துணி ஷூ. மாடியேறி வருவதற்குள் இரண்டு காலும் சொதசொதவென்று நனைந்துவிட்டன. லோர்னா அவனோடு வாதாடவில்லை. ஷூவைக் கழற்றி ஹீட்டர் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். பாதாம் வைத்த கிரிங்கிள் என்ற அந்த ஊர் இனிப்பு ரொட்டியில் ஒரு துண்டு வெட்டிக் கையில் கொடுத்தாள். சனிக்கிழமை மதியம் வழக்கமாக ஆட வருகிறவர்களோடு அவனையும் மேசையில் உட்கார வைத்தாள். டேலும், அச்சகம் நடத்தும் ஆர்டிஸ் நோவாக்கும் அங்கே இருந்தார்கள்.

வெர்னனுக்குப் படைவீரன் பாத்திரம். பாலத்துக்கு வந்ததும் வாயைத் திறந்து அவன் சொன்ன முதல் வார்த்தை, "வெட்டுறேன்." பகடையை உருட்டினான். இருபது முகப் பகடையில் ஆக மோசமான எண்ணான ஒன்று விழுந்தது. வாள் கை நழுவி ஆற்றில் போய்விட்டது என்றாள் லோர்னா. ஆர்டிஸ் மேசையைத் தட்டிச் சிரித்தாள். "ஏன்யா, ஊர்லேர்ந்து வேற வாள் கொண்டாரலயா?"

இனி பேசுவதைத் தவிர வழியில்லை. வெர்னன் தலையைச் சொறிந்தான். ஹீட்டர் பக்கம் நீட்டியிருந்த தன் காலைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, பூதத்திடம், "நாள் முழுக்க தண்ணிக்குப் பக்கத்துலயே நிக்கிறியே, கால் வலிக்கலயா உனக்கு?" என்று கேட்டான்.

லோர்னா கொஞ்சம் திகைத்தாள். பிறகு அடித்தொண்டையில் சொன்னாள்: "இருநூறு வருஷத்துல இதைக் கேட்ட முதல் ஆள் நீதான்யா."

அரைமணி நேரம் பேச்சு சேற்றுப்புண், வெந்நீர், உப்பு ஒத்தடம் என்று ஓடியது. கடைசியில் பூதம் எல்லாரையும் தோளில் ஏற்றி அக்கரையில் இறக்கிவிட்டது. வெர்னன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் வாடிவிட்டது.

"இது புரியுது. ஆனா நீங்க வாய்க்கு வந்ததைப் பேசுனீங்க. என் மெஷினுக்கு வாய் கிடையாதுங்க."

இத்தனை மாதத்தில் முதல்முறையாக, அவன் சோம்பேறித்தனத்தால் மறுக்கவில்லை என்று லோர்னாவுக்குப் பட்டது. இரண்டு பேரும் நாலு நாள் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் ஒரு வழி பிடிபட்டது: ஒவ்வொரு பூதத்துக்கும் மனசுக்குள் ஓர் ஆசை, ஒரு வலி. ஆடுகிறவர் சுற்றுமுற்றும் பார்த்து அதைக் கண்டுபிடித்தால், அடி, ஓடு என்பதோடு கேள் என்ற மூன்றாவது வழியும் திறக்கும். நாற்பது பூதம், வட்டில் இடம் கம்மி, ஒரு பூதத்துக்கு எண்பது வார்த்தைக்கு மேல் கிடையாது. எழுதுவது லோர்னா பொறுப்பு.

டேல் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். பூதத்தின் ஆசையெல்லாம் புத்தகத்தில் இல்லை. ஒன்பதாவது பிரிவின்படி அவள் எழுதியதை அவளே நிராகரிக்க வேண்டும் என்றான். முகத்தில் அத்தனை சந்தோஷம். "உன் வலையில நீயே விழுந்துட்ட."

லோர்னா ஆர்டிஸுக்குப் போன் போட்டு, விதிப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை எப்போது அச்சுக்கு ஏற்றுகிறாய் என்று கேட்டாள். ஏப்ரல் என்று பதில் வந்தது. "புத்தகத்துல இல்லன்னா சேர்த்துட்டாப் போச்சு," என்றாள் டேலைப் பார்த்து.

ஆறு வாரம் அதே வேலை. எழுத எழுத ஒன்று அவளுக்கு உறைத்தது: பாதிப் பூதங்கள் அந்தந்த இடத்தில் ஏன் நிற்கின்றன என்று அவளே அதுவரை யோசித்ததில்லை. சதுப்பு நிலத்துப் பாம்புப் பூதத்துக்குப் பெயர் வைக்க யாராவது வேண்டும் என்று எழுதிவிட்டு, தனியாக உட்கார்ந்து சிரித்தாள். கம்ப்யூட்டருக்காகச் செய்த வேலையால் மேசை விளையாட்டுக்குத்தான் உயிர் கூடிற்று. அதை வெர்னனிடம் ஒப்புக்கொள்ள மட்டும் இரண்டு நாள் பிடித்தது.

மே மாதம் ஐந்தாவது முறையாக வட்டுகள் வந்தன. கேமைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் முன்னேறாமல் பூதங்களோடு அரட்டை அடிக்கிறார்கள் என்று தன் மேலாளர் புலம்புவதாக வெர்னன் போனில் சொன்னான். குரலில் வருத்தமே இல்லை. லோர்னா பாலத்தைக் கடந்து, சதுப்பைக் கடந்து, கோட்டை வாசல் வரை ஒருவரையும் அடிக்காமல் போனாள். பிறகு நீல மைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. கம்பெனியைப் பூட்டிவிட்டு எல்லாரும் அந்த ஊரின் வெள்ளிக்கிழமை வழக்கப்படி மீன் வறுவல் சாப்பிடப் போனார்கள்.