பிரேக்கை மிதித்தால் போச்சு

வேன் இரண்டாவது முறை நின்றபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முதல் முறை ஒரு வேகத்தடையில் நின்றது. ஃப்யூஸ் போயிருந்தது. கைவசம் இருந்த ஒரே உபரி ஃப்யூஸை மாட்டிவிட்டு, "அவ்வளவுதான், சின்ன விஷயம்" என்று வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். தடவிய கை கீழே இறங்குவதற்குள் அடுத்த முச்சந்தி வந்தது. லாரிக்கு வழிவிடப் போன இடத்தில் வண்டி பொசுக்கென்று அணைந்துவிட்டது.

பின்னால் ரேக்கில் மூன்று அடுக்கு கேக் இருந்தது, ஒரு புது ஹோட்டலின் திறப்பு விழாவுக்கு. மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மேனேஜருக்குப் பிடித்தால் வாரா வாரம் ஆர்டர். இல்லாவிட்டால், வீறாப்பாக உதறிவிட்டு வந்த பேக்கரிக்கே திரும்பிப் போய் அந்த முதலாளியம்மா முகத்தில் முழிக்க வேண்டும்.

ஊரை விட்டு வெகுதூரம் வந்தாயிற்று. போனில் கிடைத்த மெக்கானிக் சாயங்காலம் வருகிறேன் என்றார். சாயங்காலம் வந்து உருகின க்ரீமை வழித்து நக்கவா?

வீட்டுக்காரர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். தொழில் தச்சு வேலை. மரம் என்றால் தட்டிப் பார்த்தே ஜாதகம் சொல்லிவிடுவார், ஒயர் விஷயத்தில் அரைகுறை.

"பம்பும் பிரேக் லைட்டும் இந்த ஒரே ஃப்யூஸ்ல ஓடுது. அதான் இது போனா இன்ஜினும் போயிடுது. சாக்லேட் சுத்தின ஜிகினாப் பேப்பரை மடிச்சுச் சொருகினா ஓடும்மா."

"ஓடும். ஒயர் பத்திக்கும். கேக்கை நான் ஏற்கெனவே வேகவெச்சுட்டேங்க, ரெண்டாவது வாட்டி வேண்டாம்."

அவள் யோசித்தாள். கேக் கருகினால் அடுப்பைத் திட்டிப் பயனில்லை. கடைசியாக எதை மாற்றினோம் என்றுதான் பார்க்க வேண்டும்.

"ரெண்டு வாட்டியும் நின்னப்போ என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? பிரேக் போட்டேன்."

சொன்னவருக்கே பொறி தட்டியது. வைப்பருக்கு இருந்த ஃப்யூஸ் அதே அளவு. மழை வராது என்ற தைரியத்தில் அதைப் பிடுங்கி இங்கே மாட்டினார். இன்ஜின் உறுமியது. அவள் பின்கதவைத் திறந்து உள்ளே குனிந்து நின்றாள்.

"இப்ப மிதிங்க."

மிதித்தார். இன்ஜின் செத்தது. ஆனால் அதற்குள் அவள் மூக்குக்கு விஷயம் கிடைத்துவிட்டது. பத்து வருடம் அடுப்புகளின் முன்னால் நின்ற மூக்கு. கேக்கின் வெண்ணெய் வாசனைக்கு நடுவே துளியூண்டு பிளாஸ்டிக் கருகல். மோப்பம் பிடித்துக்கொண்டே போனாள். ரேக்கின் இடது காலடியில் போய் நின்றது.

ரேக்கை நேற்றுத்தான் அவர் செய்து பொருத்தியிருந்தார். எட்டிப் பார்த்தவர் முகம் தொங்கிப்போனது.

"அரை அங்குல ஸ்க்ரூ போதும். கேக் ஆடிடக் கூடாதேன்னு ரெண்டு அங்குலம் போட்டேன். தகரத்தைத் தாண்டி பிரேக் லைட் ஒயர்ல உரசி, வண்டி ஆடின ஆட்டத்துல தோலை உரிச்சிடுச்சு போல."

திட்ட வேண்டும் என்று வாயெடுத்தவள் திட்டவில்லை. தன் மேல் இருந்த அக்கறைதான் அந்த ஸ்க்ரூவை அவ்வளவு நீளமாக்கியது என்று புரிந்தபோது எங்கே திட்டுவது? டேஷ்போர்டு டப்பாவில் கிடந்த ஸ்க்ரூடிரைவரால் ஸ்க்ரூவைக் கழற்றினார்கள். தோலுரிந்த ஒயருக்குக் கருப்பு டேப்பைச் சுற்றினார்கள். ஹார்னின் ஃப்யூஸ் பம்புக்கு வந்தது.

வண்டி கிளம்பியது. ரேக்கோ ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடியது. சின்ன ஸ்க்ரூ எல்லாம் அவருடைய பையில், பை வீட்டில். கேக்கில் இடித்துவிடும் என்று காலையில் அதை இறக்கி வைத்தவளே அவள்தான்.

"யாராவது பின்னாடி உக்காந்து தோள் குடுக்கணும்" என்றார்.

"நான் உக்காரட்டுமா?"

"உன்னால தாங்க முடியாது. கனம்."

அப்படியானால் ஓட்ட வேண்டியது யார் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவளிடம் லைசென்ஸ் இருந்தது. ஒருமுறை அவள் வீட்டு கேட்டில் உரசியதிலிருந்து அவர் ஸ்டீயரிங்கை விட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. அவர் அவளைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், பின்னால் ஏறி ரேக்கில் முதுகை அண்டக்கொடுத்து உட்கார்ந்தார்.

முதல் வளைவிலேயே பிரேக் தேவைப்பட்டது. மெதுவாக மிதித்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. "பாத்து, பாத்து" என்று ஒவ்வொரு வளைவுக்கும் பின்னாலிருந்து குரல் வந்தது. பாதி வழியில் அதுவும் நின்றது. தூங்கிவிட்டாரோ என்று கண்ணாடியில் பார்த்தாள். வியர்த்து வழிய, புருவத்தில் க்ரீம் ஒட்டியிருக்க, விழித்துத்தான் இருந்தார்.

ஹோட்டலில் இறக்கியபோது மேலடுக்கில் ஒரு பூ மட்டும் சரிந்திருந்தது. சாம்பிளுக்காகத் தனியே கொண்டுபோன துண்டுகளில் ஒன்றைத் தின்ற மேனேஜர் இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டே, "அடுத்த வாரமும் கொண்டாங்க" என்றார். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

திரும்பும்போது ரேக் காலி. அண்டக்கொடுக்க ஒன்றுமில்லை. வழக்கம்போல் அவர் ஓட்டட்டும் என்று அவள் வேனுக்கு அந்தப் பக்கமாகப் போனாள். அங்கே அவர் ஏற்கெனவே பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாக்குற? வண்டிய எடு" என்றார்.