இடுப்பில் கட்டிய ரகசியம்

1

இந்தக் கதையை நான் பாதிதான் கேட்டேன். மலேசியாவின் கெமாஸ் ரயிலடியில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்; நடுவில் அவருடைய வண்டி வந்துவிட்டது. மீதி என் பொறுப்பு.

முதல் தொடக்கம்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில், பனி படர்ந்த ரப்பர்க் காட்டில்…' (வேண்டாம். பனியால் பக்கம் நிறையும், கதை நகராது.)

இரண்டாவது: கிராணி கணேசமூர்த்திக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. இது பரவாயில்லை.

2

விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில், மேலாளரான பெரிய துரையின் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்வது தோட்டத்து எழுத்தரான கிராணி கணேசமூர்த்தியின் வேலை.

தோட்டத்து மரங்களில் பட்டை அழுகியது. லண்டன் கம்பெனி பணம் கொடுத்து, பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஓர் ஆராய்ச்சித் துரையை வரவழைத்தது. அவர் இரண்டு வருஷம் பட்டையைச் சுரண்டியும் முகர்ந்தும் பார்த்துக் கண்டுபிடித்தார்: நோய் கத்தியோடுதான் மரத்துக்கு மரம் போகிறது. ஒவ்வொரு மரத்திலும் பால் வெட்டியதும் கத்தியை மருந்துத் தண்ணீரில் நனைத்தால் போதும்.

அதைக் கட்டுரையாக அச்சிட்டு எல்லாத் தோட்டங்களுக்கும் அனுப்ப நினைத்தார். "எங்கள் பணம், எங்கள் முடிவு" என்றது கம்பெனி. கட்டுரை பெரிய துரையின் அலமாரிக்குள் போய்விட்டது.

(இங்கே ஆராய்ச்சித் துரை அறிவு யாருக்குச் சொந்தம் என்று நீளமாகப் பேசினார். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். உண்மையில் அவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.)

3

முந்நூறு பேர் இடுப்பில் மருந்து டின்னைக் கட்டிக்கொண்டு கத்தியை நனைக்க வேண்டும். வெளியே ஒருவருக்கும் தெரியக்கூடாது. கணேசமூர்த்தி பெரட்டில் நின்று கரகரத்தார்.

"ஒவ்வொரு மரத்துக்கும் கத்திய மருந்துத் தண்ணியில முக்குங்க."

வரிசையில் நின்ற சன்னாசி கொட்டாவி விட்டான்.

"இது கம்பெனி ரகசியம். வெளிய மூச்சு விடக்கூடாது."

முந்நூறு தலைகளும் நிமிர்ந்தன.

ரப்பர் பால் வெட்டும் பஞ்சாலை என்ற பெண் முன்னால் வந்தாள். "கிராணி ஐயா, பக்கத்துத் தோட்டத்துல என் தங்கச்சி இருக்கா. மரமெல்லாம் அழுகிப்போச்சுன்னு இருபது பேர வேலைய விட்டு அனுப்பப்போறாங்களாம். அவளும் ஒருத்தி. கேட்டா என்னா சொல்ல?"

"தெரியாதுன்னு சொல்லு."

"இடுப்புல மருந்து டின்ன கட்டிக்கிட்டா?"

"முந்தானையால மூடிக்க லா" என்று மலாய் வால் ஒட்டிச் சொன்னார் கணேசமூர்த்தி.

4

செய்தி காட்டுத்தீயாய்ப்… (தேய்ந்த உவமை.)

ஞாயிற்றுக்கிழமை, நாகூர்க்காரர் பக்கீர் முகம்மதுவின் மளிகைக்கடையில் பஞ்சாலை தங்கையின் காதில் சொன்னாள். பக்கீர் முகம்மது கேட்காதவர்போல் சர்க்கரை நிறுத்தார். அடுத்த ஞாயிற்றுக்குள் சுற்றுவட்டாரத்தில் எல்லார் இடுப்பிலும் டின். ரகசியம் என்னாமல் சும்மா சொல்லியிருந்தால் ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை அனுப்புவதை நிறுத்திவைத்தார்கள். ஆராய்ச்சித் துரை சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய் டின்களை எண்ணினார். திரும்பி வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். கம்பெனி அவருக்குக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்தியது.

5

பெரிய துரை கணேசமூர்த்தியைக் கூப்பிட்டு, லண்டனுக்குப் போகும் கடிதத்தை நீட்டினார். ஓர் இடம் காலியாக இருந்தது: 'ரகசியத்தை வெளியிட்டவர் பெயர்.'

முடிவு அ: பஞ்சாலையின் பெயரை எழுதுகிறார். (எழுதிப் பார்த்தேன். அன்று முழுக்க எனக்கு என்னையே பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: தன் பெயரை எழுதுகிறார். (நான்கு பிள்ளைகள் அவருக்கு. இத்தனை நேரம் பழகியதில் சொல்கிறேன், அவ்வளவு துணிச்சல்காரர் இல்லை.)

முடிவு இ: ரகசியம் என்று சொல்லச் சொன்ன பெரிய துரையின் பெயரையே எழுதுகிறார். (சிரித்தேன். பிறகு, கணேசமூர்த்தி சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.)

இனி உங்கள் கை. பேனாவில் மை இருக்கிறது. பஞ்சாலையின் பெயரைத் தவிர எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். சீக்கிரம், துரை இரண்டாம் முறை கனைத்துவிட்டார்.