குளோரியாவின் குரல்

அகதா அக்கா கைபேசியை நீட்டியபோது, அதில் முகம் மங்கலாக்கப்பட்ட ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். "என்னைய அடிச்சதக்கூடப் பொறுத்துக்கிட்டேன். பிள்ளைய அடிச்சப்பதான் ஓடி வந்துட்டேன்."

குளோரியா கைபேசியை வாங்கிச் சட்டென்று கவிழ்த்தாள். போன வருடம் சென்னையிலிருந்து மலேசியாவின் ரெம்பாவ் தோட்டத்துக்கு வந்த இயக்குநர் நிவேதாவிடம் அவள் சொன்னதுதான் அது. குடும்ப வன்முறை பற்றிய நிவேதாவின் ஆவணக் குறும்படத்துக்கு இந்தியாவில் தேசிய விருது கிடைத்துவிட்டதாம்.

"முகந்தான் தெரியலையே லா, ஏன் பயப்படுற?" என்றாள் பக்கத்து வீட்டு அகதா.

"என் குரலு என் வீட்டுக்காரருக்குத் தெரியும்க்கா. பின்னால நம்ம தோட்டத்து மாதா செலை வச்ச கெபி வேற தெரியுது."

மத்தியானம் புகுந்த வீடிருக்கும் பகாவ் ஊரிலிருந்து நாத்தனார் எலெய்ன் கூப்பிட்டாள். "அண்ணி, அண்ணன் பார்த்துட்டாரு. மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு அங்க கிளம்பிட்டாரு!"

அகதா குளோரியாவையும் அவள் மகளையும் தன் வீட்டு அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, போலீசுக்குப் போன் செய்தாள். போலீஸ் வருவதற்குள் கணவன் மார்கஸ் வந்துவிட்டான். பக்கத்தில் குளோரியாவின் வீட்டுக் கதவு உதைபடும் சத்தம் சுவர் வழியே கேட்டது.

"வெளிய வாடி! ஊரு உலகத்துக்கே கதை சொல்றியா?"

குளோரியா மகளின் வாயைப் பொத்தியபடி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

போலீஸ் அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் அகதா பூட்டைத் திறந்தாள். சாயங்காலம் நிவேதா போனில் அழுதாள். "குரலை மாத்தியிருக்கணும், மன்னிச்சிருங்க."

"படத்த எடுத்துருங்கம்மா," என்றாள் குளோரியா.

ஜாமீனில் வந்தால் நேரே இங்கேதானே வருவான்? இருட்டுவதற்குள் மகளோடு, அவனுக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லாத கோலா கிளாவாங் ஊருக்கு பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.