யாரும் அமராத நாற்காலி

அழுகை பிறக்கும் வாயில்கள் நான்கு என்று வகுத்தனர் பழையோர். அந்தச் செருப்புக்கடை முதலாளிக்கு ஐந்தாவது ஒன்றும் இருந்தது: அச்சில் ஏறிய துன்பம். கண்ணெதிரே ஒருவர் கால் இடறி விழுந்தால், "பாத்து வரக் கூடாதா?" என்பதோடு அவர் கடமை முடிந்துவிடும். அதே வீழ்ச்சி ஒரு கோட்டோவியத்தோடு வார இதழில் வந்துவிட்டாலோ, கைக்குட்டை நனையும், மூக்குக்கண்ணாடி பனிக்கும், கல்லாவில் மீதிச் சில்லறைக்குக் கை நீட்டியவர் நீட்டியபடியே நிற்பார்.

அவர் கடையில் இருக்கைகளுக்குப் பஞ்சமில்லை. மெத்தை தைத்த நீள்பலகைகளும், குழந்தைகள் ஏறி அமர முயல் வடிவ முக்காலிகளும் வரிசையாக இருந்தன. யாவும் வாங்க வருவோருக்கு. விற்பவர் அமரலாகாது. "நாம நின்னாத்தான் வியாபாரம் நிக்கும். நாம உக்காந்தா அதுவும் உக்காந்துடும்" என்பது முதலாளி அருளிய ஒற்றைச் சூத்திரம். அதற்கு உரை கண்டவர் மேற்பார்வையாளர். எந்த அலமாரியில் யார் சாய்ந்தாலும் மேலிருந்து இறங்கியவர்போல் வந்து நிற்பார். ஆகவே அவருக்குப் பருந்து என்று பெயர்.

சின்னவளும் அவள் அண்ணியும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். சின்னவளுக்குப் பெண்கள் பிரிவு. அண்ணிக்குக் குழந்தைகள் பிரிவு. அண்ணிக்கு இது ஏழாம் மாதம். கடை கொடுத்த காலணியை மாலையில் கழற்றினால், வார் பதிந்த தடம் உழுத சால்போல் ஆழ்ந்திருக்கும். அதன் இருபுறமும் பாதம் வீங்கி எழும்பியிருக்கும். மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அப்பப்ப உக்காரணும். முடியலேன்னா வேலையை விட்டுடுங்க." அண்ணன் வேலைபார்த்த ஆலையோ பூட்டிக் கிடந்தது. அண்ணி வேலையை விட்டால் வீட்டு அடுப்பில் பூனை உறங்கும்.

சின்னவள் முதலாளியிடம் நேரே போய்க் கேட்டாள். அவர் இனிமையாகவே மறுத்தார். "உங்க அண்ணி உக்காந்தா, நாளைக்குப் பருந்து உக்காருவான். அப்புறம் கடையில யாரும்மா நிக்கிறது, நானா?"

பேருந்தில் உட்கார இடம் கிடைத்த நாள்களில் கதை எழுதுவது சின்னவள் வழக்கம். அதைப் புனைபெயரில் இதழ்களுக்கு அனுப்புவாள். வீட்டிலன்றி வெளியே ஒருவரும் அறியார். மறுப்பைக் கேட்ட அன்று மாலை பேருந்தில் இடம் கிடைத்தது. அண்ணியின் கால்களை எழுதினாள். செருப்புக்கடையைத் துணிக்கடையாக்கினாள். முதலாளியின் தலைமுடி வயதுக்கு அஞ்சாதது, மாதந்தோறும் மை அதற்குக் காவல். கதையில் அதை முற்றும் மழித்துவிட்டாள். மற்றவை எல்லாம், அந்தச் சூத்திரம் உட்பட, உள்ளது உள்ளபடி.

கதை வெளிவந்த மறுநாள் கடை திறக்குமுன் ஊழியர் அனைவரையும் முதலாளி அழைத்தார். அவர் கையில் இதழ். கண் அதற்குள் சிவந்திருந்தது.

"எல்லாரும் நேரா நில்லுங்க. ஒரு கதை படிக்கப் போறேன்."

முழுவதும் படித்தார். மூன்று இடங்களில் குரல் அடைத்தது. பருந்து முதலாளியின் கண்ணீரைக் கடைக்கண்ணால் அளந்து, அதற்கு ஒரு துளி குறைவாகத் தாமும் சிந்தினார். இடையில் அண்ணி தாங்கமாட்டாமல் அலமாரியில் தோள் சாய்த்தாள்.

"கதை நடக்கறப்ப சாயாதம்மா," என்றார் முதலாளி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அந்தப் பொண்ணு பாவம், சாயக்கூட இடமில்லாம நின்னுக்கிட்டிருக்கு."

அண்ணி நிமிர்ந்தாள்.

"அந்த மொட்டையன் மட்டும் என் கையில கெடைச்சான்…" முதலாளி பல்லைக் கடித்தார். "நாம நின்னாத்தான் வியாபாரம் நிக்குமாம்! மனுஷன் பேசற பேச்சா இது?"

"கல்நெஞ்சக்காரன் ஐயா," என்றார் பருந்து.

"இவளுக்கு நான் ஏதாவது செஞ்சே ஆகணும்."

சின்னவள் அண்ணியின் கையை இறுகப் பற்றினாள். பற்றிய கைகள் இரண்டும் நம்பின.

இரண்டாம் நாள் நாற்காலி வந்தது. தேக்கில் கடைந்த கைகள், மயிலிறகு நிறப் பட்டுமெத்தை, சாய்ந்தால் முதுகை ஏந்தும் வளைவு. அரசர் அமர வேண்டிய அதை வாயிலருகே மேடைமேல் ஏற்றி, நாற்புறமும் பொன்னிறக் கயிறு கட்டினார்கள். மேலே ஒரு பலகை: 'நின்று களைத்த சகோதரியே, எங்கள் இதயத்தில் உனக்கோர் இருக்கை.' அதன் கீழே சிறிய எழுத்தில்: 'உட்காராதீர்.'

ஊர் திரண்டு வந்தது. கயிற்றருகே நின்று படம் எடுத்தவர்கள், வந்ததே வந்தோம் என்று குழந்தைக்கு ஒரு ஜோடியும் வாங்கினார்கள். விற்பனை வெள்ளமாய்ப் பெருகியது. அவ்வெள்ளத்தில் அண்ணியின் மதிய உணவு நேரம் அடித்துச் செல்லப்பட்டது. முன்பாவது நின்றாள்; இப்போது ஓடினாள்.

சின்னவள் பொறுமை இழந்து முதலாளி அறைக்குள் போனாள்.

"ஐயா, கதையில இருக்கறவ எழுந்து வந்து உக்காரப் போறதில்ல. அந்த நாற்காலியில அண்ணி கொஞ்ச நேரம் உக்காரட்டுமே."

முதலாளி அவளைப் பரிவோடு நோக்கினார்; எழுத்தறியாக் குழந்தையை நோக்குவதுபோல. "உங்க அண்ணி உக்காந்துட்டா அது வெறும் நாற்காலிம்மா. யாரும் உக்காராம இருந்தாத்தான் அது அனுதாபம்."

'அதை எழுதினவளே நான்தான்' என்ற சொல் நுனிநாக்கு வரை வந்தது. சொல்லிவிட்டால், மொட்டை யார் என்பதும் விளங்கிவிடும். அதன்பின் அண்ணியோடு அவளும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். விழுங்கிக்கொண்டாள்.

அன்று வீடு திரும்புகையில் அண்ணி சொன்னாள்: "விடுடி. இந்த வாரத்தோட நின்னுக்கறேன். நாத்தனார்ன்னு ஒருத்தி இவ்வளவு செஞ்சதே பெருசு."

"இன்னும் ஒரு இதழ் பொறுங்க அண்ணி. வாசகர்கள் கேக்கறாங்கன்னு ஆசிரியர் இரண்டாம் பாகம் எழுதச் சொல்லியிருக்காரு."

"திரும்பவும் அவரைத் திட்டப் போறியா? நீ திட்டத் திட்ட நாற்காலிதான் பளபளன்னு ஆகுது."

"திட்டலை. புகழப் போறேன்."

அண்ணி நடையை நிறுத்தினாள். "மனசறிஞ்சு பொய் எழுதுவியா?"

"அவரு படிக்கற வரைக்கும்தான் அது பொய்."

எழுதுவது எளிதாயிருக்கவில்லை. வைவதற்குத் தானாக வந்த சொற்கள் வாழ்த்துவதற்குக் கூலி கேட்டன. இறைவனைப் பாடவே பிறந்தவை என்று அவள் எண்ணியிருந்த அடைமொழிகளை ஒரு செருப்புக்கடைக்காரர் தலையில் சூட்டும்போது கை கூசியது. ஆயினும் அண்ணியின் பாதத்தை நினைத்துச் சூட்டினாள். இரண்டாம் பாகத்தில் வேறொரு கடை, காலணிக்கடை. அதன் முதலாளி கருணைக் கடல்; தலையில் அடர்ந்த கருங்கூந்தல். துணிக்கடைப் பெண்ணின் துயரம் கேட்டு நாற்காலி ஒன்று செய்வித்த அவர், ஒருநாள் தம் கடையில் சூல்கொண்ட பணிப்பெண் ஒருத்தி நிற்கக் கண்டு, ஊரார் காணக் கயிற்றை அவிழ்த்து அவளை அமர்த்துகிறார்.

இதழ் வந்தது. மொட்டையில் தம்மைக் காணாத கண்கள், அந்தக் கூந்தலில் முதல் வரியிலேயே கண்டுகொண்டன.

"என்னைப் பத்தி எழுதியிருக்கான்யா!" என்று முதலாளி கல்லாவிலிருந்து குதித்தார். கடை நிறைந்திருந்த நேரம் அது. ஊழியர் போதாதென்று வாடிக்கையாளரையும் கூட்டிவைத்து உரக்கப் படித்தார். 'கருணைக் கடல்' வந்ததும் அவ்வரியை மறுபடியும் படித்தார். படித்துக்கொண்டே போனவர், கயிறு அவிழும் இடத்தில் நின்றார். அவ்வளவு தூரம் அவர் முன்கூட்டிப் படித்திருக்கவில்லை.

எல்லார் கண்களும் இதழிலிருந்து எழுந்து நாற்காலிக்குப் போயின. அங்கிருந்து குழந்தைகள் பிரிவுக்குப் போயின. அங்கே வயிற்றைத் தாங்கி நின்ற அண்ணியிடமிருந்து திரும்பி முதலாளியிடம் வந்து தங்கின. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி தன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தாள்.

"அவிழுங்க ஐயா," என்றாள். "நல்லா முகம் தெரியற மாதிரி."

முதலாளி பருந்தைப் பார்த்தார். பருந்து கூரையைப் பார்த்தார். வேறு வழி இல்லை, கயிறு அவிழ்ந்தது. அண்ணி மேடை ஏறி, மெத்தையில் மெல்ல அமர்ந்து, காலணியைக் கழற்றிவிட்டுப் பாதங்களை நீட்டினாள். கடை கைதட்டியது. முதலாளிக்கு நெஞ்சு விம்மியது; அவர் அழுதார், இம்முறை அச்சில் ஏறாத ஒருத்தியைப் பார்த்து.

"என்னம்மா நீ," என்றார் தழுதழுத்து. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா எப்பவோ குடுத்திருப்பேனே!"

சின்னவளுக்குக் காதுமடல் கொதித்தது. அண்ணி அவளைக் கண்ணால் அடக்கினாள்.

"எங்களுக்குக் கேக்கத் தெரியலைங்க ஐயா."

அதற்குள் ஒரு சிறுமி நாற்காலியருகே வந்து சிவப்புக் காலணி கேட்டாள். அண்ணி அமர்ந்தபடியே அவள் பாதத்தை மடியில் வாங்கி அளந்தாள். பெட்டியோ மேல்தட்டில், ஏணி வைத்து ஏறவேண்டும். சின்னவள் கைநிறையச் செருப்போடு நின்றாள். கைப்பேசி இன்னும் உயர்ந்தே இருந்தது.

"ஐயா," என்றாள் அண்ணி பணிவாக, "நீங்கதான் பக்கத்துல நிக்கறீங்க. மேலேருந்து அந்தச் சிவப்பை மட்டும் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?"

கருணைக் கடல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறியது.