அக்காவுக்கு அக்கா

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை, என் தலையில் சொட்டியது. எங்கள் வீட்டுக் கூடத்தில், ஈரம் ஊறிய கூரையிலிருந்து ஒரு சொட்டு. அடுத்த சொட்டு என் தங்கையின் லேப்டாப்புக்குக் கொஞ்சம் தள்ளி விழுந்தது.

அவளை வீட்டில் துருவி என்றுதான் கூப்பிடுவோம். எதைக் கையில் கொடுத்தாலும் பிரித்துப் போட்டு, துருவித் துருவிக் கேட்கிறவள். நான் கதை எழுதுகிறேன், அவள் புரோகிராம் எழுதுகிறாள். அவள் எழுதியது ஓடுகிறதா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

2.

'அன்று காலை மலை மௌனமாக...'

(வேண்டாம். இந்தக் கதையில் மலையே கிடையாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மலைதான்.)

விஷயம் இதுதான். ஒரு மலைச்சரிவில் மண் நகர்ந்தால் உடனே தெரிவதற்காகச் சின்னச் சின்ன சென்சார் பெட்டிகளை நடப்போகிறார்கள். வயர் கிடையாது, பேட்டரிதான். ஒரு பெட்டி சேதியைப் பக்கத்துப் பெட்டிக்குக் கொடுக்கும், அது இன்னொன்றுக்குக் கொடுக்கும், கடைசியில் அடிவாரத்து நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நிஜமாக நடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் பொய்யாக நட்டு, பொய்யாக மண்ணைச் சரித்துப் பார்ப்பார்கள். அந்தச் சிமுலேஷனை எழுதியது துருவி. ஒண்டி ஆளாக எழுதினாள். (பெருமை இங்கேயே ஆரம்பித்துவிட்டது, கண்டுகொள்ளாதீர்கள்.)

சொட்டு விழுந்த அன்று மதியம் அதை அதிகாரிகள் குழுவுக்குக் காட்ட வேண்டும். ஒழுங்காக ஓடினால் அவள் போட்ட திட்டப்படி பெட்டிகள் மலையேறும். ஓடாவிட்டால் திட்டம் குப்பைக்குப் போகும். காலையிலிருந்து மேற்கு மூலையிலிருந்து மட்டும் ஒரு சேதிகூட வரவில்லை.

3.

ஒரு பெட்டி தன் சேதியை எந்தப் பெட்டிக்குக் கொடுக்க வேண்டுமோ, அதற்குத் துருவி வைத்த பெயர் 'அக்கா'.

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். "எனக்கு நீ வாச்ச மாதிரி அதுங்களுக்கும் ஒண்ணு வாய்க்கட்டுமேன்னுதான்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

துருவியின் ஆபீஸ் மேலாளர் போனில் வந்தார்.

"என்னம்மா, ஆச்சா?"

"மேற்கு மூலை மட்டும் பேச மாட்டேங்குது சார். அங்க பேட்டரியும் மளமளன்னு காலியாவுது."

"அந்த மூலையப் படத்துலேர்ந்து எடுத்துடு. மத்ததெல்லாம் பச்சையாத்தானே இருக்கு? யாரு உத்துப் பாக்கப்போறா?"

"அந்த மூலைக்குக் கீழதான் சார் வீடுங்க இருக்கு."

"நட்டப்புறம் பாத்துக்கலாம்மா."

"வராத சேதிய வந்ததா காட்ட மாட்டேன் சார்."

இந்த இடத்தில் மேலாளரை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதினேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். துருவி படித்துவிட்டு, "பாவம், மேல இருக்கறவங்க அவர் உயிர வாங்கறாங்க" என்றாள். மீசையை எடுத்துவிட்டேன்.

4.

அப்போதுதான் அந்தச் சொட்டு.

"அம்மா! மாடித் தொட்டி கசியுதுன்னு யாருமே சொல்லலையா?" என்று கத்தினாள் துருவி.

சமையலறையிலிருந்து அம்மா: "நான் அன்னைக்கே அக்காகிட்ட சொல்லிட்டேனே!"

மாடிப்படியிலிருந்து சித்தி: "நானுந்தான் அக்காகிட்ட சொல்லிட்டேனே!"

இதை விளக்கியாக வேண்டும். அப்பாவின் தம்பி மனைவிதான் சித்தி. அம்மா மூத்த மருமகள் என்பதால் சித்தி அவளை அக்கா என்பாள். வயதில் சித்தி மூத்தவள் என்பதால் அம்மா அவளை அக்கா என்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அக்காதான். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. பிளம்பரைக் கூப்பிட வேண்டிய அப்பாவின் காதுக்கு மட்டும் எதுவும் போகாது.

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு இருந்துட்டேன் அக்கா."

"ஐயோ, நீங்க சொல்லுவீங்கன்னுல்ல அக்கா நான் விட்டுட்டேன்!"

'துருவியின் கண்களில் ஒரு ஒளி...'

(அப்படியெல்லாம் இல்லை. வாயைப் பிளந்தாள்.)

"அக்கா," என்றாள் என்னிடம், "அக்காவுக்கு அக்கா யாரு?"

எந்த அக்காவுக்கு என்று கேட்டேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். அக்காவைத் தேர்ந்தெடுக்கப் பெட்டிகளுக்கு இரண்டு விதி வைத்திருந்தாள். நிலையத்துக்குக் கிட்டே இருப்பது அக்கா. கிட்டே இருப்பதன் பேட்டரி தேய்ந்துவிட்டால், அக்கம்பக்கத்தில் பேட்டரி அதிகம் உள்ளது அக்கா. இரண்டும் நியாயமான விதிதான். ஆனால் மேற்கு மூலையில் ஒரு பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டி இடத்தால் அக்கா, அந்தப் பக்கத்துப் பெட்டிக்கு இது பேட்டரியால் அக்கா. மண் சரிகிறது என்ற சேதியை வைத்துக்கொண்டு, 'நீங்க சொல்லுங்க அக்கா, நீங்க சொல்லுங்க அக்கா' என்று மாற்றி மாற்றிக் கொடுத்தே இரண்டும் செத்துக்கொண்டிருந்தன.

5.

ஒரே ஒரு வரிதான் சேர்த்தாள். பேட்டரி எவ்வளவு இருந்தாலும் சரி, நிலையத்துக்கு உன்னைவிடத் தள்ளி இருப்பதை அக்கா என்று கூப்பிடாதே.

ஓட விட்டாள். பொய் மண் சரிந்தது. மேற்கு மூலையில் ஒரு புள்ளி மின்னியது, பிறகு அதன் அக்கா, பிறகு அதன் அக்கா. அடிவாரம் பச்சையானது.

"வந்துடுச்சு!"

அம்மாவும் சித்தியும் ஓடி வந்து, எதற்கென்றே தெரியாமல் கைதட்டினார்கள். எழுத்தில் உணர்ச்சியை அடக்கி வாசிக்க வேண்டும் என்பார்கள். மாட்டேன். என் தங்கை! பார்த்தீர்களா, என் தங்கை!

மதியம் படத்தை மேற்கு மூலையோடு முழுசாகக் காட்டினாள். காலையில் எங்கே தவறு இருந்தது என்பதையும் தானே சொன்னாள். 'யோசித்துச் சொல்கிறோம்' என்றது குழு.

(தொட்டியா? துருவி நேரே அப்பாவிடமே சொல்லிவிட்டாள்.)

6.

முடிவு ஒன்று: குழு சம்மதிக்கிறது, பெட்டிகள் மலையேறுகின்றன, மேலாளர் கைகுலுக்குகிறார்.

முடிவு இரண்டு: பெட்டிகளை நட்டாயிற்று. ஒரு மழைக்காலம். மேற்கு மூலை பேசுகிறது. கீழே வீடுகளிலிருந்து ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடுகிறார்கள். அதற்கப்புறம்தான் மண் வருகிறது. இதை அழுதுகொண்டே எழுதினேன்.

துருவியிடம் இரண்டையும் காட்டினேன்.

"குழு இன்னும் பதிலே சொல்லலையே அக்கா."

"கதைதானேடி."

"கதைன்னா? வராத சேதிய வந்ததா எழுதுவியா?"

மேலாளரிடம் பேசிய அதே குரல். இரண்டையும் அடித்துவிட்டேன்.

ஆக, முடிவு என்னிடம் இல்லை. மேற்கு மூலைக்குக் கீழே வீடுகள் இருக்கின்றன, பெட்டிகள் இன்னும் மலையேறவில்லை. இந்தச் சேதி தங்கையிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து உங்களுக்கு வந்துவிட்டது. அந்தக் குழுவில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அடிவாரத்துக்கு என்னைவிட நீங்கள் கிட்டே இருக்கலாம். சேதியை அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள். திருப்பி என்னிடமே கொடுத்துவிடாதீர்கள்.

நான் அக்காகிட்ட சொல்லிட்டேன்.