நாவல் தேனும் ஓர் உண்ணாவிரதமும்

பொன்னேரிக்கும் சோழவரத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில் எட்டுக் காணி நிலம் வைத்திருந்த பூவராகவன், அந்த வட்டாரத்து மதுவிலக்குக் குழுவின் செயலாளர். சம்பளமில்லாத அந்தப் பதவியை அவர் பார்த்த அக்கறையோடு சம்பளக்காரன்கூடத் தன் வேலையைப் பார்த்திருக்க மாட்டான். எந்தப் பனையில் திருட்டுக் கலயம் தொங்குகிறது என்று காக்கைக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த பஸ்ஸில் போலீசுக்குத் தகவல் போய்விடும். மரமேறி துலுக்காணம் அறுபத்தைந்தில் ஆறு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தது அப்படித்தான்.

அவர் மனைவி குணசுந்தரிக்கு மதுவிலக்கைப் பற்றித் தனியாக ஒரு கருத்தும் கிடையாது. குடிக்காத புருஷன் வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் சொல்வார்கள். கேட்டுக்கொள்வாள். அந்தக் குடிக்காத புருஷன் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அவருக்கு முழங்கால் வலி, வயிற்றெரிச்சல், தூக்கமின்மை. குழம்பில் உப்புக் குறைந்தால் வாயைத் திறப்பார். சரியாக இருந்தால் திறக்கமாட்டார்.

அறுபத்தெட்டில் அரசாங்கத் திட்டத்தில் ஐந்து தேனீப் பெட்டிகள் கிடைத்தன. குணசுந்தரிதான் அவற்றைப் பார்த்துக்கொண்டாள். வயிற்றெரிச்சலுக்கு நாவல் பழத்தைத் தேனில் ஊறவைத்துக் கொடுக்கும்படி ஒரு நாட்டு வைத்தியர் சொன்னார். ஆனி மாதம், பழம் மரத்தடியில் கொட்டிக் கிடந்தது. தேன்தான் போதவில்லை. அதனால் இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து, பழத்தைப் போட்டு, ஊறுகாய் ஜாடியில் மூடித் தோட்டத்துக் கொட்டகையில் வைத்தாள். நாலாம் நாள் அது நுரைத்தது. நல்ல மருந்து என்றால் பொங்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து வடிகட்டி ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

பூவராகவன் அன்றைக்கு விடியும்வரை தூங்கினார். ஒரு வாரத்தில் வலி என்ற பேச்சே இல்லை. பத்தாம் நாள் கீரைக்கூட்டு நன்றாக இருப்பதாகச் சொன்னார். அடுத்த நாள் "குணா" என்று கூப்பிட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளைப் பேர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. அவள் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த வருஷம் அதேபோல ஜாடி வைத்திருந்தபோது, வேலி கட்ட வந்த துலுக்காணம் கொட்டகைப் பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டான். மூக்கைத் தூக்கினான்.

"அம்மா, இந்த ஜாடில இன்னா போட்டுகிற?"

ஐயாவுக்கு மருந்து, தேனும் நாவப்பழமும் என்றாள். உள்ளங்கையில் கொஞ்சம் வாங்கி நாக்கில் விட்டுக்கொண்டு, சிறிது நேரம் கண்ணை மூடியிருந்தான்.

"இதைவிடக் கம்மி சரக்குக்குத்தாம்மா நான் ஆறு மாசம் உள்ள போனேன்."

குணசுந்தரி உடனே ஜாடியைச் சாக்கடையில் கவிழ்க்கத் தூக்கினாள். தூக்கியவளுக்கு அந்த "குணா" ஞாபகம் வந்தது. திரும்ப இறக்கி வைத்தாள். ஐயாவிடம் சொல்லிவிடுவாயா என்று கேட்டாள். அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். "ஐயா சிரிச்சு நான் பார்த்ததே கிடையாது. இப்பதான் பாக்குறேன். அதைப் போய்க் கெடுப்பேனா?"

பழிவாங்க அவனுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்காது. ஆனால் அவன் தொழில் தெரிந்தவன். ஒரு காரியம் அரைகுறையாக நடப்பதைப் பார்த்துக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. பழத்தைக் கழுவாதே, அந்தத் தோலில் சாம்பல் மாதிரிப் பூத்திருப்பதுதான் புளிக்கவைக்கிறது என்றான். தேனும் தண்ணீரும் நாலே நாலு பழத்தோடு பொங்கி அடங்கட்டும், அப்புறம் மீதிப் பழத்தைப் போட்டால் பழவாசனை நிற்கும், முதலிலேயே எல்லாவற்றையும் போட்டால் நுரையோடு போய்விடும் என்றான். மிதக்கிற பழத்தைக் காலையும் மாலையும் கரண்டியால் அமுக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கொட்டை நாட்பட ஊறினால் கசக்கும். இறுக்கி மூடினால் ஜாடி வெடிக்கும், துணியால் வாயைக் கட்டு. இதெல்லாம் கற்றுக்கொடுத்ததற்கு அவன் கேட்டது வெள்ளிக்கிழமைக்கு ஒரு டம்ளர்.

குணசுந்தரி மற்றப் பழங்களையும் போட்டுப் பார்த்தாள். கொய்யா கொழகொழத்தது. மாம்பழம் வாசனையைத் தொலைத்துவிட்டுப் புளிப்பை மட்டும் வைத்துக்கொண்டது. இலந்தை பரவாயில்லை. நிறத்துக்கும் துவர்ப்புக்கும் நாவலுக்கு மிஞ்சி எதுவும் இல்லை. அதைக் குடித்துவிட்டுப் பூவராகவன் செவ்வாப்பேட்டை வரை போய் மதுவின் தீமையைப் பற்றிப் பேசினார். முன்பெல்லாம் அவர் பேசினால் ஜனங்கள் எழுந்து போவார்கள். இப்போது சிரித்தார்கள், சிலர் அழுதார்கள்.

எழுபத்தொன்றில் மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள். பொன்னேரி மார்க்கெட் அருகே செங்கல்வராயன் என்பவர் சாராயக்கடை ஏலம் எடுத்தார். பூவராகவன் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், அந்தக் கடை வாசலிலேயே உண்ணாவிரதம் என்று அறிவித்தார். தேன் தண்ணீர் மட்டும் குடிப்பாராம்.

முதல் நாள் குணசுந்தரி உண்மையாகவே தேனும் தண்ணீரும்தான் கொண்டுபோனாள். அவர் சுருண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டமே இல்லை. மறுநாள் காலை, "அது வேணாம் குணா. நாவத்தேனைக் கொண்டா. அதுலதான் தெம்பு இருக்குது" என்றார். சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். அவர் கண் குழி விழுந்திருந்ததைப் பார்த்துவிட்டுச் சொம்பை நிரப்பிக் கொடுத்தாள்.

வெறும் வயிற்றில் இறங்கிய நாவல் தேன், அன்று அவரை இரண்டு மணி நேரம் பேசவைத்தது. மார்க்கெட்டே திரண்டது. பேச்சைக் கேட்டுத் தொண்டை காய்ந்தவர்கள் பக்கத்திலேயே கடை இருந்ததால் உள்ளே போய்விட்டு வந்து மறுபடி கேட்டார்கள். செங்கல்வராயன் மனம் குளிர்ந்து, ஐயாவுக்கு வெயில் படக்கூடாது என்று தன் செலவில் பந்தல் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பேச்சின் நடுவே பூவராகவன் சாய்ந்தார். டாக்டரை அழைத்து வந்தார்கள். டாக்டர் குனிந்து நாடி பிடித்தார், மூச்சை முகர்ந்தார், சொம்பை எடுத்து ஒரு துளி சுவைத்தார். பிறகு குணசுந்தரியைத் தனியே கூப்பிட்டு, "இது பட்டினி மயக்கம் இல்லம்மா. ஊட்டுக்கு இட்டுகினு போய்த் தூங்க வையுங்க" என்று மட்டும் சொன்னார்.

மாட்டுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். விடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, ஜாடி, நுரை, துலுக்காணம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"தெரிஞ்சும் ஏன் குடுத்தே?"

"அதைக் குடிச்சப்புறம்தான் நீங்க எங்கூடப் பேசுனீங்க."

அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பொன்னேரிக்குப் போனார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். பந்தலில் நின்று, மூன்று வருஷமாகத் தான் குடித்து வந்ததையும், உண்ணாவிரதத்தில் குடித்ததும் அதுதான் என்பதையும் எல்லோர் முன்னும் சொன்னார்.

பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். அவருக்கு அது தலைகீழாக நடந்தது. ஒருவரும் நம்பவில்லை. முதலில் சிரித்தார்கள். அப்புறம் பின்னாலிருந்து ஒருவன், கடைக்காரன் எவ்வளவு டப்பு கொடுத்தான் என்று கேட்டான். பந்தல் யார் போட்டது என்று இன்னொருவன் கேட்டான். துலுக்காணம் முன்னால் வந்து, ஐயா சொல்வது சத்தியம், நான்தான் பக்குவம் சொல்லிக்கொடுத்தேன் என்றான். வேலிக்கு ஓணான் சாட்சி என்றார்கள். அன்று சாயங்காலமே குழு அவரை நீக்கியது. காரணம் குடி இல்லை; லஞ்சம்.

அதற்குப் பிறகு அவர் நாவல் தேனைத் தொடவில்லை. முழங்கால் வலி திரும்ப வந்தது. தூக்கம் போயிற்று. ஆனால் தூக்கம் வராத பொழுதுகளில் இப்போது அவளிடம் பேசினார். ஊரில் பேச ஆள் இல்லாததும் ஒரு காரணம்.

எழுபத்துநாலில் கடைகளை மறுபடி மூடினார்கள். ஊர்க்காரர்களுக்குத் திடீரென்று பூவராகவன் ஞாபகம் வந்தது. சாராயத்தை எதிர்த்து முதன்முதலில் பட்டினி கிடந்தவர் என்று மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். லஞ்சக் கதை செங்கல்வராயன் கட்டிவிட்டதாம். பேசச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். என்ன அடக்கம் பார் என்றார்கள்.

கடைகள் திறந்தபோது ஒரு சாராயக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த துலுக்காணத்துக்கு அந்த மாதத்தோடு பிழைப்புப் போயிற்று. பூவராகவன் அவன் குடிசைக்குத் தானே நடந்துபோய், தேனீப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள வரச் சொன்னார். ஆறு மாத ஜெயிலைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். துலுக்காணம் மீதியைக் கேட்கவில்லை. மறுநாள் காலை வேலைக்கு வந்தான்.