சிவப்பு இலை மரத்தடி

கதிர்காமநாதன் பொய் சொல்லிப் பழகாத மனுசன். பழகினவன் சொன்னால் ஒன்றோடு நிற்கும். பழகாதவன் வாயைத் திறந்தால் ஒன்றுக்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று, அதற்கு முட்டுக்கொடுக்க வேறொன்று. அவன் சொன்ன முதல் பொய் ஒரே ஒரு சொல்தான். காடு.

எழுபத்திநாலாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், மெல்பேர்னில் ஒரு ஆஸ்பத்திரியில் அவன் மனைவி யோகராணிக்கு நிறைமாதப் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போய்ப் பிறந்தது. பெட்டைப் பிள்ளை. அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அப்போது ஒரு வருசம்கூட முடியவில்லை. அவனுக்கு ரெயில்வேக் கந்தோரில் படம் கீறுகிற உத்தியோகம். சொந்தம் சுருத்து என்று தோளில் கைபோட ஒரு ஆள் கிடையாது. யோகராணிக்கு ஊசி போட்டு நித்திரையாக்கிவிட்டார்கள். நேர்ஸ் அவனை வெளியே கூப்பிட்டு, பிள்ளையின் அலுவலை நாங்களே பார்த்துக்கொள்வோம், நீ ஒன்றுக்கும் யோசிக்காதே, மனுசியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ, அடுத்த வருசமே இன்னொன்று பெறலாம் என்றாள். அந்தக் காலத்தில் அப்படித்தான் வழக்கம். தாய்க்குக் காட்டவும் மாட்டார்கள். அந்த நேர்ஸ் நல்ல மனசோடுதான் சொன்னாள். இவனும் தலையை ஆட்டி, "தாங்க்யூ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். பெற்ற பிள்ளையை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. வெள்ளைக்காரர் ஒன்றைச் சொன்னால் திருப்பிக் கேட்கிற பழக்கம் அவனுக்கு அதுவரை இருந்ததில்லை.

யோகராணி கண் விழித்ததும் முதல் கேள்வி அதுதான்.

"பிள்ளை எங்க?"

சவக்காலை என்று சொல்ல வாய் கூசியது. சும்மா, ஊரில் சொல்கிற மாதிரி, "காட்டில" என்றான். கிழடு தட்டினவர்கள் வீடு போ போ எண்டுது, காடு வா வா எண்டுது என்பார்களே, அந்தக் காடு. பாவம், அந்தப் பிள்ளையை வீடு போ என்றும் சொல்லவில்லை, காடு வா என்றும் கூப்பிடவில்லை.

யோகராணிக்கு அது வேறு மாதிரி விளங்கியது. பச்சைப் பிள்ளையை எரிக்கிற வழக்கம் எங்களுக்குள் இல்லை. சுடுகாட்டுக்கே கொண்டுபோகாமல், வீட்டு வளவுக்குள் ஒரு மரத்தடியில் புதைத்துவிடுகிறதும் உண்டு. ஆகையால் பிள்ளைக்குக் காடு என்றால் அவளுக்கு அது மரக்காடுதான்.

"மரத்துக்குக் கீழயோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

அந்த ஒரு ஓமில் எல்லாம் போச்சு.

வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்குப் பால் சுரந்தது. சுரந்து என்ன செய்ய? நெஞ்சை இறுக்கித் துணி கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தாள். காய்ச்சல் விட்டதும், "எப்ப என்னைக் கூட்டிக்கொண்டு போறியள்? ஒரு சொட்டுப் பால் ஊத்த வேணும்" என்று தொடங்கினாள். மழை என்றான். கார் சரியில்லை என்றான். அவள் சண்டை பிடிக்கவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழும்பிப் போவாள், அவ்வளவுதான். அதைப் பார்க்கிறதைவிட அவள் ரெண்டு ஏச்சு ஏசியிருக்கலாம் என்று அவனுக்குப் பட்டது.

அவனுக்குக் கை கொடுத்தது ஹாக்கின்ஸ் என்ற வெள்ளைக்காரன். கந்தோரில் பக்கத்து மேசை. இங்கிலாந்தில் கெண்ட் என்கிற பக்கத்திலிருந்து வந்தவன், வாயைத் திறந்தால் ஊர்ப்புராணம். மலைக்கு மேலே ஒரு காடு இருக்கிறது, நூறு வருசத்துக்கு முதல் வந்த ஒரு பணக்காரத் துரைக்கு இந்த நாட்டு யூக்கலிப்டஸ் மரங்களைக் கண்ணில் காட்டக்கூடாதாம், கப்பலில் விதை கொண்டுவந்து அசல் இங்கிலாந்துக் காடு ஒன்றை அங்கே உண்டாக்கிவிட்டான், வசந்தத்தில் நிலமெல்லாம் நீலப்பூ, அதற்குள் நின்றால் என் வீட்டுப் பின்பக்கம் நிற்கிற மாதிரியே இருக்கும் என்று சொல்லி மூக்கை உறிஞ்சினான். இல்லாத ஊரை உண்டாக்கி வைத்துக்கொண்டு அழுகிறார்களே என்று நாதன் மனசுக்குள் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. போகிற வழி எப்படி என்று கேட்டான்.

ஒக்ரோபரில், அங்கே அது வசந்தகாலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். காட்டுக்குள் கால் வைத்ததும் ரோட்டுச் சத்தம் அறுந்துபோனது. தலைக்கு மேலே இளம்பச்சை, காலுக்குக் கீழே நீலம். ஒரு குருவி எங்கேயோ இருந்து ஒரு சொல்லுச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தது. யோகராணி ஓரத்திலேயே சப்பாத்தைக் கழற்றி வைத்தாள். ஈரமண், குளிரும் என்று அவன் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

"எந்த மரம்?"

நாதன் சுற்றிப் பார்த்தான். எல்லாம் ஒரே பச்சை. அதற்குள் ஒரு மரம் மட்டும் கறுப்புக் கலந்த சிவப்பு இலையோடு தனியாக நின்றது. கடவுளே காட்டினமாதிரி இருந்தது அவனுக்கு.

"அந்தா, அந்தச் சிவப்பு இலை மரம். அண்டைக்கு வரேக்கயே அந்தச் சிவப்பு இலையைத்தான் அடையாளம் பாத்து வச்சனான். பிறகு தேடித் திரியக்கூடாது எண்டு."

அவள் போய் மரத்தடியில் குந்தினாள். காலையில் வாசலில் பால்காரன் வைத்துவிட்டுப் போன கண்ணாடிப் போத்தலைப் பையிலிருந்து எடுத்து, மூடியைப் பிரித்து, வேருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தாள். "குடியம்மா," என்றாள். "அம்மா பிந்திப்போனன், குடியம்மா." நாதன் மற்றப்பக்கம் திரும்பி நின்றான்.

ஆனால் அன்று இரவு அவள் சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள். ஒருவரைக் காப்பாற்றச் சொன்ன பொய் பொய்யே இல்லை என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். மாதத்துக்கு ஒருமுறை போய் வந்தார்கள். போகப்போக அவனும் பாதி நம்பத் தொடங்கிவிட்டான் என்றால் பாருங்களேன். ஒருநாள் யாரோ ஒரு குடும்பம் அந்த மரத்தடியில் துணி விரித்து இருந்து சான்ட்விச் தின்னக் கண்டு, அவனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மனுசருக்கு வேறு இடமில்லையோ என்று தமிழில் ஏசிக்கொண்டு நின்றான். அவள்தான், "விடுங்கோ, பிள்ளைக்கும் துணை வேணும்தானே" என்றாள்.

ஏப்ரிலில் கந்தோர் அவனைச் சில மாத வேலையாகச் சிட்னிக்கு அனுப்பியது. அவளும் கூடப் போனாள். அங்கே ஹரிஸ் பார்க்கில் ஒரு சின்ன வீடு, வீட்டைச் சுற்றி யூக்கலிப்டஸ் மரம், வருசம் முழுக்க இலை. ஓகஸ்டில், மெல்பேர்ன் குளிர்காலத்தில், திரும்பி வந்தார்கள். பிள்ளையின் ஆண்டுத் திவசம் வரப்போகுது, போகவேணும் என்று அவள் முதலே சொல்லி வைத்திருந்தாள்.

அந்தமுறை காட்டுக்குள் நுழைந்ததும் நாதன் அப்படியே நின்றுவிட்டான். ஒரு மரத்திலும் இலை இல்லை. ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறத் தடிகளாக நின்றன. யாழ்ப்பாணத்தான் எங்கே கண்டான் இதை? போன குளிர்காலத்தில் மரத்தைப் பார்க்கிற நிலையிலா இருந்தான்? பனை எந்தக் காலத்தில் மொட்டையாக நின்றது? பூவரசு ஒரு இலை உதிர்த்தால் ஒன்பது விடும். மரம் என்றால் இலை இருக்கும் என்ற நம்பிக்கையில் இலையை அடையாளம் வைத்தவன், இப்போது முழிபிதுங்கி நின்றான். பின்னால் அவள் பால் போத்தலோடு வந்துகொண்டிருந்தாள்.

நிற்கக்கூடாது, நின்றால் பிடிபட்டுப்போவேன் என்று விறுவிறென்று நடந்து, ஒரு பெரிய மரத்தடியில் போய் நின்றான். "வாரும், இதுதான்."

யோகராணி வரவில்லை. சற்றுத் தள்ளி இன்னொரு மரத்தடியில் நின்றாள்.

"இதெல்லோ," என்றாள். "நான் இருந்து இருந்து அழுத வேர் எனக்குத் தெரியாதே?"

"ஓமோம், அதுதான். இலை இல்லாமல் எனக்கு மட்டுப்பிடிக்கேலாமல் போச்சு."

அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். மற்ற மரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ. பிள்ளையைக் கொண்டுவந்ததும் ஓகஸ்ட் மாதம்தானே?"

"ஓம்."

"அப்ப அண்டைக்கும் இப்பிடித்தானே நிண்டிருக்கும்? எந்தச் சிவப்பு இலையைப் பாத்து வச்சியள்?"

இனி முட்டுக்கொடுக்க அவனிடம் ஒரு பொய்யும் மிச்சமில்லை. நின்ற இடத்திலேயே குந்திவிட்டான். ஈரச் சருகில் இருந்தபடியே சொன்னான். "இஞ்ச இல்லை ராணி. எங்க எண்டு எனக்குத் தெரியாது. தாங்கள் பாப்பம் எண்டிச்சினம். நான் கேக்கேல்லை. தாங்க்யூ எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். நான் சொன்னது சுடுகாட்டை. நீர் மரக்காடு எண்டு விளங்கிக்கொண்டீர். பிறகு எனக்கு வாய் வரேல்லை."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் ஆருக்குப் பால் ஊத்தினனான்?" என்று கேட்டாள்.

அவன் முகத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டான்.

அவள் கிட்ட வந்து போத்தலை அவன் கையில் வைத்தாள். "இண்டைக்கு நீங்கள் ஊத்துங்கோ."

"எங்க?"

"அதைத்தான் நானும் கேட்டனான்," என்றாள். "கண் முழிச்ச உடன."

அவள் திரும்பிக் காருக்குப் போய்விட்டாள். நாதன் போத்தலோடு எழும்பினான். அவள் காட்டிய அந்தச் சிவப்பு இலை மரத்தடிக்குப் போனான். மூடியைப் பிரித்தான். கை சரியவில்லை. அடுத்த மரத்துக்குப் போனான், அதற்கும் சரியவில்லை. இலை இருந்த காலத்தில் எவ்வளவு இலகுவாகக் கையை நீட்டிக் காட்டினான். பிள்ளை செத்து ஒரு வருசத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் வாய்விட்டு அழுதான். கேட்க அந்த மரங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

கொண்டுபோன பால் குறையாமல் காருக்குத் திரும்பி வந்தான். அவள் போத்தலை வாங்கி, மூடியைத் திரும்ப அழுத்தி, மடியில் வைத்துச் சால்வையால் சுற்றிக்கொண்டாள்.

"மெல்ல ஓட்டுங்கோ," என்றாள். "நாளைக்கு லீவு போடுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேக்க வேணும். எங்க வச்சவை எண்டு."

"அவைக்கும் தெரியாது எண்டால்?"

"தெரியாட்டில் இருக்கட்டும். தாயும் தேப்பனும் தேடி வந்தவை எண்டாவது அந்தப் பிள்ளைக்கு இருக்கட்டும்."